மல்லைக் கடலும் மலாய்ச் சொற்களும்

சுமத்திரா தீவின் பாலெம்பாங் நகரையடுத்துள்ள தாலாங் தூவோ என்னுமிடத்தில் 1920இல் ஒரு கல்வெட்டுக் கிடைத்தது. பதினான்கு வரிகள் கொண்ட அக்கல்லின் காலம் கி.பி. 684. ஸ்ரீவிசய அரசன் சயநாசன் ‘ஸ்ரீக்ஷேத்திரம்’ என்று பெயரிட்டு ஒரு சோலையை அமைத்தான் என்பது அதன் செய்தி. சோலையில் நட்டவை தென்னை, கமுகு, ஈச்சம்பனை இனத்து மரங்கள், மூங்கில் வகைகள். அவற்றோடு அணைகளும் குளங்களும். எல்லாவுயிர்க்கும் இவற்றின் பயன் சேர்க என்பது மன்னனின் வேண்டுதல்.

இக்கல்லின் மொழி பழைய மலாய். தென்னையை அது ‘நியுர்’ என்கிறது. இன்றைய மலாய்க்காரரும் ‘ஞியுர்’ என்றே சொல்கின்றனர். கமுகு அதில் ‘பினாங்’. நம்மவர் பினாங்குத் தீவைப் பெயர் சொல்லி அழைக்கும்போதெல்லாம் பாக்கைத்தான் சொல்கின்றனர். நடுவதற்கு ‘தானம்’, செய்வதற்கு ‘வுஆத்’, இன்று ‘புஆத்’. உடன் என்பதற்கு ‘ட்ஙன்’, இன்று ‘டெஙான்’. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு கல்லில், அடுக்களையிலும் தோட்டத்திலும் இன்று புழங்கும் சொற்கள் அப்படியே கிடக்கின்றன. உயர்ந்த கருத்துக்கெல்லாம் வடசொற்களை எடுத்தாண்ட அரசன், மரங்களுக்கு மட்டும் தன் தாயின் வாய்ச்சொல்லையே வைத்துக்கொண்டான்.

அதே நவம்பர் மாதத்தில் சில நாள் இடைவெளியில் கெடுக்கான் புக்கிட் என்னுமிடத்தில் இன்னொரு கல் கிடைத்தது. கி.பி. 683ஐச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் அது, மலாய் மொழியில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையது. தபுந்த ஹியாங் என்னும் தலைவன் மரக்கலம் ஏறிப் புறப்பட்டதையும், அவனுடன் இரண்டு ‘லக்ஷ’ படைவீரர் சென்றதையும், தரைவழி நடந்தவர் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிருவர் என்பதையும் அது கூறுகிறது. மலாயில் லட்சம் என்பது பத்தாயிரம். கடல் தாண்டும்போது எண்ணும் பத்தில் ஒன்றாகத் தேய்ந்திருக்கிறது. அறியாமல் படிப்பவர் படையைப் பத்து மடங்காக்கிவிடுவர்.

இவ்விரு கற்களையும் செங்கற்பட்டுச் சீமையில் நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய காரணம் அவற்றின் எழுத்து. பல்லவ எழுத்து என்று கல்வெட்டாய்வாளர் வழங்கும் வரிவடிவ மரபில் அவை பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றை வெட்டிய காலத்தில் காஞ்சியில் முதலாம் பரமேசுவரவர்மன் ஆண்டான். மாமல்லபுரத்துக் கோயில்களுள் எதனை எம்மன்னன் எடுப்பித்தான் என்பதில் அறிஞரிடையே இன்னும் உடன்பாடில்லை. எனினும் ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியும் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கமும் அங்கே உளியொலி ஓயாதிருந்த காலம் என்பதில் ஐயமில்லை. தருமராச இரதத்திலும் கணேச இரதத்திலும் வடமொழி வரிகள் வெட்டப்பட்டன. வடக்கே சாளுவன்குப்பத்து அதிரணசண்டக் குடைவரையில் ஒரே செய்தியைக் கிரந்தத்திலும் நாகரியிலும் இருமுறை எழுதி வைத்தனர். எழுத்தின்மேல் அத்தனை ஆசை கொண்ட தலைமுறை அது. அத்தலைமுறையின் நாளிலேயேதான், கடலின் அக்கரையில், அதுவரை எழுதப்பட்டு நமக்குக் கிட்டாத ஒரு பேச்சுமொழி முதன்முதலாகக் கல்லில் ஏறியது.

பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்துச் சிவன் கோயிலுக்கு ஊர் ஈந்த ஆவணம் அது. மன்னர் புகழ் வடமொழியில் விரிகிறது. நிலம், எல்லை, நீர், உரிமை என்று காரியத்துக்கு வந்தவுடன் ஏடு தமிழுக்குத் திரும்பிவிடுகிறது. அதில் வரும் ஏரியின் பெயர் பரமேசுவர தடாகம். தாலாங் தூவோக் கல்லில் குளத்துக்குரிய சொல் ‘த்லாக’. இதுவும் வடமொழித் தடாகத்தின் திரிபே. காஞ்சியிலும் பாலெம்பாங்கிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இரு அரசர், புகழுக்கு வடசொல்லும் மண்ணுக்கு ஊர்ச்சொல்லும் என்று ஒரே வகையாகப் பங்கிட்டு எழுதியிருக்கின்றனர். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதினார் என்று சொல்லச் சான்றில்லை. ஒரே எழுத்துப் பழக்கம் இரு கரைகளிலும் வேர்கொண்டிருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

இதனைச் சொன்னவுடன் மேடைகளில் எழும் ஒரு முழக்கம் உண்டு: மலாய்க்காரருக்கு நாமே எழுத்தறிவித்தோம் என்பது. இலக்கிய வட்டங்களுக்கு இம்முழக்கம் இனிக்கும். ஆனால் செய்தி அவ்வளவு எளியதன்று. கிழக்குக் கலிமந்தானில் கூத்தாய் என்னுமிடத்து மூலவர்மனின் வேள்வித்தூண் கல்வெட்டுகள் ஏறத்தாழக் கி.பி. 400ஐச் சேர்ந்தவை, மேற்குச் சாவகத்துப் பூர்ணவர்மனின் கற்கள் ஐந்தாம் நூற்றாண்டின. இவை மாமல்லபுரத்துக்கு இருநூறு ஆண்டு மூத்தவை. அக்கால எழுத்து பல்லவர்க்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. தென்னாடு முழுவதற்கும் பொதுவாயிருந்த பிராமி வழி எழுத்து என்று இன்றைய ஆய்வாளர் திருத்திச் சொல்கின்றனர். மேலும், முந்நூறு ஆண்டுகள் வடமொழியை மட்டும் எழுதிக்கொண்டிருந்த கையால் தம் வீட்டுச் சொல்லை எழுதத் துணிந்தவர் அவர்களே. அத்துணிவை நாம் கொடுக்கவில்லை.

அவர்தம் நகரம் எத்தகைய கல்வி நிலையமாயிருந்தது என்பதைச் சீனத் துறவி இத்சிங் எழுதியிருக்கிறார். கி.பி. 671இல் புறப்பட்ட அவர் ஸ்ரீவிசயத்தில் ஆறு திங்கள் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். பின்னர் மலாயு சென்று, கடாரம் வழியாக வங்கக் கரையை அடைந்தார். இந்தியாவுக்குப் போகும் சீனத் துறவியர் முதலில் இங்கே ஓரிரண்டு ஆண்டு படித்துவிட்டுப் போவது நலம் என்பது அவர் அறிவுரை. சீனத் துறவியர் சிலர் கற்றதாக அவர் கூறும் ‘குன்லுன்’ மொழி பழைய மலாயாக இருக்கக்கூடும் என்பர். அக்காலத்துக் கீழைக் கடலில் பொதுமொழியாய் உலவியது அது. கடல்மல்லையில் பொருள் ஏற்றிய கலங்கள் நின்றதைத் திருமங்கையாழ்வார் பாடியுள்ளார். அக்கலங்களில் ஏறிப் போனவர் துறையில் இறங்கிப் பேரம் பேச இம்மொழியைத்தான் கற்றிருக்க வேண்டும்.

‘மலாயு’ என்னும் பெயர் தமிழில் முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் ‘மலையூர்’ என்று வருகிறது. 1025ஆம் ஆண்டை ஒட்டிய கடற்படையெடுப்பில் வென்ற ஊர்ப்பட்டியலில் ஸ்ரீவிசயம், பண்ணை, இலங்காசோகம், கடாரம் ஆகியவற்றோடு அது நிற்கிறது. மலை, ஊர் என்ற இரு தமிழ்ச்சொல்லின் கூட்டே மலாய் என்று கொண்டாடுவார் உண்டு. சோழர்க்கு மூன்றரை நூற்றாண்டு முன்பே சீனக் குறிப்புகளில் அப்பெயர் வந்துவிட்டது. கேட்ட அயற்பெயரைத் தம் காதுக்கு ஏற்பத் தமிழாக்கிக்கொள்வது நம்மவர் இயல்பு. மலையூர் அவ்வாறு பிறந்தது என்று கொள்வதே பொருத்தம்.

படையெடுப்பு ஒரு முறை நிகழ்ந்தது. வணிகம் நில்லாது நடந்தது. மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையில், இன்றைய தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ‘அவனிநாரணம்’ என்னும் குளத்தைத் தோண்டி, மணிக்கிராமத்தார் முதலியோரின் காவலில் விட்ட செய்தியைச் சொல்கிறது. அவனிநாரணன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். வென்றவர் கோட்டை கட்டுவர். தங்கி வாழ்பவர் குளம் தோண்டுவர். மலாயில் இன்றும் குளம் ‘கோலம்’தான். சுமத்திராவின் மேற்குக் கரையில் பாரூஸ் நகரில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல் ஒன்று ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரைக் குறிக்கிறது. கற்பூரத்துக்குப் பெயர்பெற்ற துறை அது. ‘காப்பூர் பாரூஸ்’ என்றே மலாயர் கற்பூரத்தைச் சொல்வர்.

இனி, மலாயில் தமிழ் விட்டுவந்த சொற்களை எடுத்துக்கொள்ளலாம். கப்பல் அங்கே ‘காப்பால்’, கடை ‘கெடாய்’, பெட்டி ‘பெத்தி’, கட்டில் ‘காத்தில்’, மீசை ‘மீசாய்’, திரை ‘திராய்’, மாளிகை ‘மக்லிகாய்’. கறியும் ஆப்பமும் மாறவில்லை. கொத்துமல்லியின் பழைய வடிவமான கொத்தம்பரி ‘கெத்தும்பார்’ ஆயிற்று. வணிகத்தில் போடும் முதல் ‘மோடல்’; வங்கிகளும் அரசு அறிக்கைகளும் இன்று அச்சொல்லையே ஆள்கின்றன. முத்திரை ‘மெத்தெராய்’ ஆயிற்று. கழுதை அந்நாட்டு விலங்கன்று; பெயரோடு சேர்ந்தே போனதால் ‘கெலெடாய்’. திருமண மாப்பிள்ளை ‘மெம்பெலாய்’ ஆனான். அங்கே அச்சொல் மணமகளுக்கும் பொருந்தும். மொழிக்குள் நுழைந்த பின் சொல்லுக்குப் பால் வேறுபாடு தேவைப்படவில்லை போலும்.

நம் வகரம் அங்கே பகரமாவதைக் காணலாம். வகை ‘பாகாய்’. விலங்கு, அதாவது கைவிலங்கு, ‘பெலெங்கு’. பலவகை ‘பெல்பாகாய்’. இந்தக் கடைசிச் சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கப்பலும் பெட்டியும் பண்டங்கள். பண்டம் போன இடத்துக்குப் பெயரும் போகும். அதில் வியப்பில்லை. ஆனால் ‘பலவகையான’ என்று சொல்ல ஒரு மொழிக்கு வேற்றார் சொல் தேவையேயில்லை. ‘சும்மா’ என்பதும் அங்கே ‘சூமா’ என்று ‘மட்டும்’, ‘வெறுமே’ என்னும் பொருளில் வழங்குகிறது. இத்தகைய சொற்களைக் கடைவீதியில் பொருளோடு வாங்கிச் செல்ல முடியாது. ஒரே வீட்டில் இருமொழி பேசிய தாயும் தந்தையும், இரு நாவும் பழகிய பிள்ளைகளும் இருந்தால்தான் அவை இடம் மாறும். மீனவனைக் குறிக்கும் ‘நெலாயான்’ என்பதை நம் நெய்தல் நிலத்து நுளையனோடு இணைப்பர். அது மெய்யாயின், சங்கப் பாடல்களில் வாழ்ந்து நம் பேச்சில் மங்கிப்போன ஒரு சொல்லை மலாய்ச் செய்தித்தாள்கள் நாள்தோறும் அச்சிட்டுக்கொண்டிருக்கின்றன.

பட்டியலில் ‘கூலி’யும் உண்டு. கூலியையும் விலங்கையும் விட்டுவிட்டு மாளிகையையும் மாணிக்கத்தையும் மட்டும் எடுத்துக்காட்டும் கட்டுரைகள் நம்மிடம் ஏராளம். தமிழரைச் சுட்ட மலாயர் வழங்கிய ‘கெலிங்’ என்னும் பெயர் கலிங்கத்திலிருந்து வந்தது. பழைய மலாய் நூல்களில் அது வெறும் நாட்டுப்பெயர். தோட்டக்காட்டுக் கூலிகளின் காலத்துக்குப் பின் அது வசைச்சொல்லாகிவிட்டது.

அன்றாட மலாயில் இன்னொரு சொல் செங்கற்பட்டுக் கரையிலிருந்தே நேராகப் போனது. ஆண்கள் வீட்டிலும் தொழுகைக்கும் உடுத்தும் கட்டம்போட்ட கைலிக்கு மலாயில் ‘காயின் பெலிகாட்’ என்று பெயர். காயின் என்பது துணி; பெலிகாட் என்பது பழவேற்காடு. 1997இல் திருவள்ளூர் மாவட்டம் பிரியும் வரை பழவேற்காடு செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவில் இருந்த போர்த்துகீசியர் தோமே பிரெஸ், பழவேற்காட்டுத் துணி அங்கு வந்திறங்கியதைக் குறித்துள்ளார். மலாயத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்க வெள்ளியைவிடச் சோழமண்டலத் துணியே செல்லுபடியாயிற்று. இதனையறிந்த ஒல்லாந்தர் 1613இல் பழவேற்காட்டில் கெல்திரியாக் கோட்டையைக் கட்டினர். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்திலும் பின்னர் வந்து அமர்ந்தனர். சதுரங்கப்பட்டினக் கோட்டையின் செங்கல் மதிலும் ஒல்லாந்தர் கல்லறைகளும் இன்றும் நிற்கின்றன. அவர்க்கு நெய்து கொடுத்தவர்க்குக் கல்லறை எழுத்து ஏதுமில்லை.

துணியோடு மனிதரும் போயினர். பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சம் வந்த ஆண்டுகளில் பழவேற்காடு முதலிய துறைகளிலிருந்து பல்லாயிரவரை ஒல்லாந்தக் கும்பினி அடிமைகளாக விலைக்கு வாங்கிப் பத்தாவியாவுக்கு அனுப்பியது. பத்தாவியாத் தெருவில் அவர்கள் பேசக் கற்ற மொழிகள் மலாயும் போர்த்துகீசியமும். அவர்தம் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் தெரிந்திருக்க வழியில்லை. ‘பெலெங்கு’ என்னும் சொல் அதற்கு முன்பே மலாயில் புகுந்ததா என்பது வேறு. அச்சொல்லை அவர்கள் கேட்டபோது அதில் தம் ஊர் விலங்கை அறிந்துகொண்டிருப்பார்கள்.

எதிர்த்திசையில், மலாயிலிருந்து தமிழுக்கு வந்தவை சில. சவ்வரிசியின் முற்பாதி மலாய் ‘சாகு’ என்பர். சாவக அரிசி என்று பிரிப்பாரும் உளர். ரம்புத்தானும் துரியனும் பழத்தோடு வந்தன. ஈழத்துத் தமிழர் உடுத்தும் சாரம், உண்ணும் சம்பல், கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் கிண்டும் தொதல் ஆகியவை மலாய்ச் சொற்கள். செங்கற்பட்டுக் கரையில் இவ்வளவும் இல்லை. சென்றவர் சொல்லைக் கொடுத்தனர். திரும்பியவர் சொல்லைக் கொணர்ந்ததாகத் தெரியவில்லை. திரும்பியவரே குறைவு என்பதும் ஒரு காரணமாகலாம்.

மலாயைத் தம் மொழியாக்கிக்கொண்ட தமிழ் வழியினருள் முதலில் சொல்லத்தக்கவர் முன்சி அப்துல்லா. 1796இல் மலாக்காவில் பிறந்த இவர் ஏமன் நாட்டிலிருந்து நாகூரில் வந்து தங்கித் தமிழ்ப் பெண்ணை மணந்த ஒருவரின் கொள்ளுப்பேரர். இளமையில் தமிழ் கற்றார். அக்காலத்து மலாக்கா வணிகரின் கணக்கு மொழி தமிழாயிருந்ததே அதற்குக் காரணம். 1849இல் அச்சேறிய அவருடைய தன்வரலாறு, புதுக்கால மலாய் உரைநடையின் தோற்றுவாய் என்று மலாய் அறிஞரே போற்றுவது. அரசர் கதைகளின் அடுக்குத்தொடர்களை விட்டு, கண்டதைக் கண்டபடி எழுதியவர் அவர்.

மலாக்காச் செட்டிகள் இன்னொரு வகையினர். சுல்தான்கள் காலத்திலேயே குடியேறி உள்ளூர்ப் பெண்களை மணந்த வணிகரின் வழித்தோன்றல்கள். வீட்டுமொழி மலாய். சமயம் சைவம். 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. பொங்கலையும் அவர்கள் விடவில்லை. தமிழ் பேசாமல் தமிழராயிருக்க முடியுமா என்று தமிழ்நாட்டு மேடைகளில் கேட்கப்படும் கேள்விக்கு, கேள்வி பிறக்கும் முன்பே விடையாகி அவர்கள் வாழ்ந்து வருகின்றனர்.

இதற்கு நேர் மாறானது இலங்கை மலாயரின் மொழி. ஒல்லாந்தர் ஆட்சியில் நாடுகடத்தப்பட்ட தலைவர்களும் படைவீரரும், பிறகு ஆங்கிலேயரின் மலாய்ப் படையினருமாக இலங்கையில் தங்கியவர்கள் இவர்கள். 1869இல் கொழும்பில் பாபா யூனுஸ் சல்தீன் ‘ஆலாமத் லங்காபுரி’ என்னும் மலாய் இதழை அரபு எழுத்தில் நடத்தினார். தமிழ் பேசும் முஸ்லிம்களோடு மணமும் தொழுகையும் பகிர்ந்த இவர்களின் மலாய், சொல்லில் மலாயாகவும் இலக்கணத்தில் தமிழுக்கும் சிங்களத்துக்கும் உறவாகவும் மாறியது. ‘வீட்டுக்கு’ என்பது பொது மலாயில் ‘கெ ரூமா’. உருபு முன்னே நிற்கும். இலங்கை மலாயில் ‘ரூமாநங்’. நம் நான்காம் வேற்றுமை போல் உருபு பின்னே ஒட்டும். வினைமுற்று தொடரின் கடைசிக்குப் போய்விட்டது. தமிழ்ச்சொல் பலவற்றைக் கொண்டும் மலாய் எலும்பு மாறாத மொழி மலாக்காவில். மலாய்ச் சொல்லைக் கொண்டும் எலும்பு மாறிய மொழி இலங்கையில். மொழியாய்வாளர் இதனை உலகின் அரிய எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகப் பேசுகின்றனர். அம்மொழி குழந்தைகளின் வாயில் நிலைத்த இடங்களுள் ஒன்று, அம்பாந்தோட்டைக் கடற்கரையிலுள்ள கிரிந்தை.

2004 திசம்பர் 26 அன்று சுமத்திராவின் வடமேற்குக் கரையையடுத்துக் கடலடி அதிர்ந்தது. அவ்வலை அச்சேயை அழித்து, அம்பாந்தோட்டையின் மலாயர் குடும்பங்கள் பலவற்றை வாரிக்கொண்டு, மாமல்லபுரக் கரையிலும் ஏறியது. சாளுவன்குப்பத்தில் அது மணலை அரித்தபோது பாறைக் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. 2005இல் அங்கே அகழ்ந்தவர்கள் பல்லவர் திருப்பணிக்குக் கீழே அதனினும் பழைய செங்கல் கட்டடத்தோடு ஒரு முருகன் கோயிலைக் கண்டனர்.

அதிர்ச்சி மையத்துக்கு மிக அருகிலிருந்தது சிமெலுவேத் தீவு. மலாய்க்கு உறவான மொழிகளைப் பேசும் அத்தீவினர் 1907இல் வந்த பேரலையை ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டுப் பாட்டிலும் கதையிலும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தனர். நிலம் நடுங்கிக் கடல் பின்வாங்கியதும் யாரோ அச்சொல்லைக் கூவ, ஊர் முழுவதும் மலைக்கு ஓடிற்று. எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட தீவினருள் இறந்தவர் எழுவர். மாமல்லைக் கரையில் அன்று காலை கடல் ஏறிவந்தபோது அதனைச் சுட்டக் குப்பத்தார் வாயில் ஒரு சொல் இல்லை. மறுநாள் செய்தித்தாள் ‘சுனாமி’ என்ற சப்பானியச் சொல்லைத் தந்தது. ‘கடல்கோள்’ நூலகங்களில் இருந்தது.